பெங்களூர்த் தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியில் நாம் படித்த பள்ளிக் கட்டடம்: இடிப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

அலசூர்க்காரி (ஞாயிறு, மாலை 6.10)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை நான் தமிழ்வழியில் படித்த பள்ளியை இடிக்கப்போவதாகச் சென்ற வாரம் கேள்விப்பட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே படித்தவர்களுக்கு முன்வாசல் கருங்கல் படியைச் சொன்னாலே போதும். மூன்றாவது படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். மழை பெய்தால் அதில் ஓர் உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சிலேட்டை அதில் கழுவிக்கொண்டுதான் வகுப்புக்குள் போவோம்.

நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். காவலர் நல்ல மனிதர், உள்ளே விட்டார். மேற்குப் பக்கத்து வகுப்பறையின் ஓடுகளை இறக்கி மாமரத்தடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து கிடக்கிறது. நடுக்கூடத்தின் வளைவுக்கு மேல் ஒரு விரிசல், அதற்குள் ஓர் அரசங்கன்று. 'கட்டடம் தாங்காது என்று பொறியாளர் சொல்லிவிட்டார், இடித்துவிட்டு நான்கு மாடி கட்டப் போகிறோம்' என்கிறது நிர்வாகம்.

அடுக்கி வைத்த ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் ஆங்கில எழுத்தில் பேசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை என்றும் 1865 என்றும் அச்சு. அப்படியானால் இது 1865ஆம் ஆண்டுக் கட்டடம் அல்லவா? நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிய கட்டடத்தை நினைத்தபடி இடிக்கச் சட்டம் இடம் கொடுக்குமா? வரலாறு தெரிந்தவர்கள், கட்டட வேலை தெரிந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (ஞாயிறு, இரவு 8.45)

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. முதலில் ஒரு திருத்தம். நாளை நீங்கள் எங்காவது மனு கொடுத்து, அதில் இந்தத் தவறு இருந்தால் மனு முழுவதையும் தள்ளிவிடுவார்கள். ஓட்டில் இருக்கும் 1865 கட்டடம் எழுந்த ஆண்டு அல்ல, மங்களூரில் பேசல் மிஷன் என்ற ஜெர்மன்-சுவிஸ் கிறித்தவச் சபை தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. பிறகு பல ஆண்டுகள் கழித்து வார்த்த ஓடுகளிலும் அந்த ஆண்டையே பதித்து வந்தார்கள். முதல் உலகப் போரின்போது அந்த மிஷனின் தொழில்கள் பகைநாட்டுச் சொத்து என்று பறிக்கப்பட்டு, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. எனவே பேசல் மிஷன் பெயர் இருக்கும் ஓடு பெரும்பாலும் அந்தப் போருக்கு முந்தியது. அதுவும் ஓட்டின் வயதுதான், சுவரின் வயது அல்ல. குரங்கு உடைத்தாலும் காற்று தூக்கினாலும் ஓட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கட்டடத்தின் வயதைக் காகிதத்தில்தான் தேட வேண்டும். சேர்க்கைப் பதிவேடு, மானியக் கணக்கு, நிலப்பத்திரம் ஆகிய மூன்றில் ஒன்றாவது பள்ளி அலமாரியில் இருக்கும்.

நம் தண்டின் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், இளையவர்களுக்குத் தெரிய வேண்டும். 1809இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். சென்னை ராணுவத்தின் சிப்பாய்களும், அவர்களுக்குப் பண்டம் விற்றவர்களும், சமையல்காரர்களும், வண்டிக்காரர்களும், கொத்தனார்களும் ஆற்காடு, வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறினார்கள். பழைய ஊரான பேட்டையில் கன்னடம், தண்டில் தமிழ் என்று ஊர் இரண்டாக வளர்ந்தது. 1881இல் மைசூர் அரசு மன்னர் குடும்பத்திடம் திரும்பியபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947இல்தான் மைசூரிடம் வந்தது. 1949இல் இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. இத்தனை கை மாறியதில் பழைய காகிதங்கள் பல இடங்களில் சிதறிவிட்டன. அதனால் ஓர் அலுவலகத்தில் இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தமிழர்களில் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஆற்காடு நாராயணசாமி முதலியார். கப்பன் பூங்காவில் சிவப்பாக நிற்கும் அரசுக் கட்டடமான அட்டாரா கச்சேரியைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அவர்தான். 1864இல் தொடங்கி 1868இல் முடித்தார். அங்கே சம்பாதித்தவர் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஆர்.பி.ஏ.என்.எம். என்ற பெயரில் அந்த அறக்கட்டளையின் கல்வி நிலையங்கள் இன்றும் நடக்கின்றன. அரசுக்கு மாளிகை கட்டியவர் தன் சனத்துக்குப் பள்ளி கட்டினார் என்பதைப் பாடம் நடத்திய காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் படித்தது அவருடைய பள்ளி அல்ல, ஆனால் அதே மண்ணில் அதே தேவைக்காக எழுந்தது.

பிரேசர்டவுன் தந்தை (ஞாயிறு, இரவு 10.20)

நான் வேறு மாதிரி பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகள் இப்போது அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன மழையில் மேலேயிருந்து ஒரு பூச்சுக் கட்டி அவள் உட்காரும் பலகையில் விழுந்தது. அப்போது உணவு இடைவேளை, பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். அந்தக் கட்டியை வீட்டுக்கு எடுத்து வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ.

உங்களுக்கு அது நினைவு. எங்களுக்கு அது தினமும் காலை எட்டரைக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் இடம். பழைய மாணவர்கள் படியையும் மாமரத்தையும் நினைத்து உருகுகிறீர்கள். உங்களில் எத்தனை பேர் உங்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்தீர்கள்? தமிழ்வழி வகுப்பில் இன்று பதினொரு பிள்ளைகள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை. புதுக் கட்டடம் வந்தால் தண்ணீராவது வரும் என்றுதான் நாங்கள் பலர் பேசாமல் இருக்கிறோம்.

அலசூர்க்காரி (ஞாயிறு, இரவு 11.05)

ஐயா, நீங்கள் கேட்டது என்னைச் சுட்டது. என் இரண்டு பிள்ளைகளும் ஆங்கிலவழியில்தான் படித்தார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. உங்கள் மகள் தலையில் எதுவும் விழாமல் இருப்பதுதான் முதல் காரியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். கட்டடம் தாங்காது என்பது உண்மையா, அல்லது இடிக்க வசதியான காரணமா? பொறியாளர் அறிக்கையை நீங்கள் யாராவது கண்ணால் பார்த்தீர்களா?

பிரேசர்டவுன் தந்தை (ஞாயிறு, இரவு 11.12)

இல்லை. வாய்வார்த்தைதான்.

சுண்ணாம்பு வேலைக்காரன் (திங்கள், காலை 6.30)

நான் பழைய கட்டடங்களைச் சீராக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். தாத்தா, அப்பா இருவரும் கொத்தனார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்தவர்கள். அக்கா எழுதியதையும் சார் எழுதியதையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அக்கா, சுவரில் பொரிந்து கிடக்கும் பூச்சு வெள்ளையா, சாம்பல் நிறமா? சார், உங்கள் மகள் பலகையில் விழுந்த கட்டியின் உட்பக்கம் என்ன நிறம்?

பிரேசர்டவுன் தந்தை (திங்கள், காலை 7.15)

சாம்பல். பத்து ஆண்டுகளுக்கு முன் பழுது பார்த்ததாகச் சொன்னார்கள்.

சுண்ணாம்பு வேலைக்காரன் (திங்கள், இரவு 9.00)

அதுதான் நான் நினைத்தது. விழுந்தது பழைய கட்டடம் அல்ல. பத்து ஆண்டுக்கு முன் பூசிய சிமெண்ட். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் காலத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியது. அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் போய்விடும். அதனால் சுவர் நூறு ஆண்டு நிற்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. உள்ளேயே தேங்கி மேலே மேலே ஏறும். முழங்கால் அளவில் இருந்த ஓதம் இடுப்புக்கு வரும். கூடவே உப்பும் வந்து செங்கல்லைத் தின்னும். ஒருநாள் பூச்சு செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழும். வீடு வீடாக நான் பார்த்தது இது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். டக்டக் என்றால் பிடிப்பு இருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது, அந்த இடத்தின் கீழே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

மேற்கூரையில் இரண்டு வகை இருக்கும் என்று நினைக்கிறேன். வகுப்பறைகளில் மங்களூர் ஓடு, நடுக்கூடத்தில் மெட்ராஸ் டெரஸ். அந்த டெரஸை எப்படிப் போடுவார்கள் தெரியுமா? தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி, மூலைவாட்டில் வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கட்டை எகிறித் திரும்பும்வரை அடிக்க வேண்டும், பள்ளம் விழுந்தால் இன்னும் வேலை முடியவில்லை என்று என் பாட்டி சொல்வார். பாட்டியின் வலது உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இருந்தது. சாகும்வரை அது போகவில்லை.

இப்போதும் அந்த வேலை செய்ய முடியும். சுண்ணாம்பை நீர்த்து வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரை நான் பத்துப் பதினைந்து நாள் வைப்பேன், புளித்த வாசனை வர வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மணலும் செங்கல் தூளுமாக மூன்று பங்கு. பூசிய பிறகு ஈரச் சாக்குப் போட்டு மெதுவாக உலரவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. முழுக் கட்டடத்துக்கும் ஒரே நேரத்தில் செய்யத் தேவையில்லை. கோடை விடுமுறைக்கு இரண்டு அறை என்று எடுத்தால் போதும்.

ஆனால் சுவரைத் தொடும் முன் தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு கூரைகள் சேரும் கூடல்வாயில் மாவிலை அடைத்துத் தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கும். எல்லாப் பழைய பள்ளிகளிலும் இதே நோய். கூடல்வாயைச் சுத்தம் செய்ய ஓர் ஏணியும் ஒரு காலை நேரமும் போதும். அதைச் செய்யாமல்தான் கட்டடங்கள் சாகின்றன. அந்த அரசங்கன்றைக் கையால் பிடுங்கக் கூடாது, வேரோடு கல்லும் வரும். தண்டை அறுத்துவிட்டு, வேரைக் காயவைக்கும் மருந்து இட்டு, அது செத்த பிறகுதான் விரிசலைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

காக்ஸ்டவுன் பொறியாளர் (திங்கள், இரவு 10.30)

கொத்தனார் அண்ணன் சொன்னது சரி. அதைப் படித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கும் போய்விடக் கூடாது. உத்தரத்தின் முனை சுவருக்குள் பொதிந்திருக்கும் இடம்தான் முதலில் உளுக்கும், அது வெளியே தெரியாது. ஒரு கூரான இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். எளிதாக இறங்கினால் அந்த அறையை அன்றே பூட்டிவிடுங்கள்.

வளைவின் விரிசலைப் பற்றி. பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்தால் ஒட்டி, அதன்மேல் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சில மாதங்கள், குறைந்தது ஒரு மழைக்காலம், உடையாமல் இருந்தால் அது எப்போதோ நகர்ந்து நின்றுவிட்ட விரிசல். அறிக்கை எழுதியவர் இதைச் செய்தாரா என்று கேளுங்கள். ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையை வைத்து நூறு ஆண்டுக் கட்டடத்தை இடிப்பதை என் மனம் ஏற்கவில்லை. சுண்ணாம்புக் கட்டடத்தைக் கான்கிரீட்டின் அளவுகோலால் அளந்தால் எதுவும் தேறாது.

வழக்குரைஞர், சிவாஜிநகர் (செவ்வாய், காலை 8.00)

சட்டம் பற்றிச் சுருக்கமாக. தொல்லியல் சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1961ஆம் ஆண்டு கர்நாடகச் சட்டமும் உண்டு. அறிவிக்கை செய்யப்பட்ட சின்னங்களுக்குத்தான் அவை காவல். வயதானதாலேயே ஒரு கட்டடம் தானாகப் பாதுகாக்கப்பட்டதாகிவிடாது. இன்டாக் போன்ற பாரம்பரியக் காப்பு அமைப்புகள் தயாரிக்கும் பட்டியல்கள் நல்ல சான்று, ஆனால் அவற்றால் இடிப்பைத் தடுக்க முடியாது. மும்பையில் 1995இலேயே தரம் பிரித்துப் பட்டியலிட்டு விதி கொண்டுவந்தார்கள். நம் ஊர் அதில் மிகவும் பின்தங்கிவிட்டது.

உடனே செய்யக்கூடியது: அது அரசு மானியம் பெறும் பள்ளி என்றால் கல்வித் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கட்டட உறுதி அறிக்கையின் நகல், இடிக்கும் அனுமதி, நிலம் எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்ற பத்திரம் ஆகியவற்றைக் கேளுங்கள். மனுவில் உணர்ச்சி வேண்டாம். 1865 கண்டிப்பாக வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (செவ்வாய், மாலை 5.30)

வழக்குரைஞர் சொன்னதற்கு ஒரு துணைச்செய்தி. நான் மேலே எழுதிய அட்டாரா கச்சேரியையே 1980களில் இடித்துவிட்டுப் புதிது கட்ட அரசு முனைந்தது. ஊரார் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். கட்டடம் தப்பியது, இன்றும் அங்கேதான் உயர் நீதிமன்றம் நடக்கிறது. எதிர்மாறாக லால்பாக்கின் கிரம்பீகல் அரங்கம். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டார்கள், கூரை போயிற்று, 2017 நவம்பரில் மிச்சமிருந்ததையும் இடித்துத் தள்ளினார்கள். இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை.

சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளியைப் போய்ப் பாருங்கள். 1907ஆம் ஆண்டுக் கட்டடம், அரசுப் பள்ளி. அண்மையில் இன்டாக் அமைப்பின் உதவியோடு அதைச் சீராக்கினார்கள். பிரேசர்டவுன் நண்பரே, நீங்களே ஒருமுறை போங்கள். எங்கள் பேச்சைவிட அந்த வகுப்பறைகளில் காற்று வரும் விதம் உங்களுக்கு நன்றாகப் பதில் சொல்லும்.

இன்னொன்று. சென்ட்ரல் காலேஜ் 1858இல் ஒரு உயர்நிலைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. ராஜாஜி அங்கே படித்தவர். 1928 மார்ச் 16 அன்று சர் சி.வி.ராமன் தன் கண்டுபிடிப்பை அறிஞர்கள் முன் விளக்கிப் பேசியதும் அங்கேதான். நான் மாணவனாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மணிக்கூண்டைப் பார்த்து நின்றுவிடுவேன். இவர்கள் நடந்த தரையில் நாமும் நடக்கலாம் என்ற எண்ணமே ஏழை வீட்டுப் பையனான என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம் சின்னப் பள்ளியில் ராமன் பேசவில்லைதான். பட்லரின் மகனும் வண்டிக்காரரின் மகளும் முதன்முதலாக எழுத்தைப் பார்த்த இடம் அது. எனக்கு அதுவும் அதே அளவுக்குப் பெரிது.

பிரேசர்டவுன் தந்தை (புதன், இரவு 9.50)

இன்று வேலை முடிந்து கோட்டைப் பள்ளிக்குப் போனேன். வெளியிலிருந்துதான் பார்த்தேன், ஆனாலும் நெடுநேரம் நின்றேன். என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பூச்சு பிடிப்பில்லாத அறைகளில் ஒரு நாள்கூடப் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. கழிப்பறைக்குத் தண்ணீர் முதலில் வர வேண்டும், சுண்ணாம்பு பிறகு. இந்த இரண்டுக்கும் பழைய மாணவர்கள் பொறுப்பெடுத்தால் பெற்றோர் கையெழுத்து வாங்கித் தருவது என் வேலை. வெறும் நினைவஞ்சலிக் கூட்டம் என்றால் என்னை விட்டுவிடுங்கள்.

அலசூர்க்காரி (புதன், இரவு 10.15)

சம்மதம். தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் என் வகுப்புத் தோழிகள் ஐந்து பேர் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை தலைமையாசிரியை வரச் சொல்லியிருக்கிறார்.

அலசூர்க்காரி (சனி, இரவு 8.40)

போய் வந்தோம். ஏழு பேர். நடந்ததை எழுதுகிறேன்.

கொத்தனார் அண்ணன் சுவர் சுவராகத் தட்டினார். மேற்கு அறையும் அதை அடுத்த அறையும் பொத்தென்று ஒலித்தன. தலைமையாசிரியை அங்கேயே இரண்டையும் பூட்டச் சொன்னார். மற்ற நான்கு அறைகளில் பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருக்கிறது. ஓரிடத்தில் வண்ணத்தைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே முட்டை ஓடு போல வழவழப்பான வெண்மை. பொறியாளர் கம்பியால் உத்தர முனைகளைக் குத்திப் பார்த்தார். மேற்கு அறையில் ஒன்றில் கம்பி விரல்நீளம் இறங்கியது. கூடத்தின் உத்தரங்களில் நுனிகூட ஏறவில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன பதிவேடு கிடைத்தது. அலமாரியின் அடித்தட்டில், உடைந்த வரைபடச் சுருள்களுக்கு அடியில். முதல் பக்கங்கள் பொடிந்துவிட்டன. படிக்க முடிகிற முதல் தேதி 1911. அதனால் கட்டடம் அன்று இருந்தது என்று ஆகிவிடாது, பள்ளி இருந்தது என்றுதான் ஆகும் என்று ஐயா திரும்பத் திரும்பச் சொன்னார். சரி, 1865ஐ நான் விட்டுவிட்டேன். தந்தையின் தொழில் என்ற பத்தியில் பழைய மையில் தமிழ் எழுத்து: சிப்பாய், பட்லர், தோட்டக்காரர், ஜட்கா வண்டி, சலவை, மீண்டும் சிப்பாய். ஒரு வரியில் தொழிலுக்குப் பதிலாக 'தகப்பன் இல்லை, தாய் கட்டட வேலை' என்று இருந்தது. கொத்தனார் அண்ணன் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்திருக்கிறேன். பெயர்களை இங்கே போட மாட்டேன்.

தகவல் மனு திங்களன்று போகிறது. நிர்வாகம் இன்னும் பிடிகொடுத்துப் பேசவில்லை. அறிக்கை வரும்வரை இடிப்பதில்லை என்று தலைமையாசிரியை வழியாக வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை எழுத்தில் வாங்க வேண்டும்.

வளைவு விரிசலில் மூன்று கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருக்கிறோம். பிரேசர்டவுன் ஐயா தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். கண்ணாடியில் தேதி எழுதியது அவள்தான், நாற்காலிமேல் ஏறி நின்று.

நாளை விட்டு அடுத்த ஞாயிறு காலை கூடல்வாயில் இலை அள்ள வேண்டும். பதினைந்தடி ஏணி யாரிடமாவது இருக்கிறதா?